சிகாகோ நகரின் இன நல்லிணக்கக் கொடைகள்: ஒரு நூற்றாண்டு வரலாறு

சிகாகோ என்றதும் 1893ஆம் ஆண்டுச் சமய மாநாடும் அதில் விவேகானந்தர் ஆற்றிய உரையுமே நம்மவர் நினைவுக்கு முதலில் வரும். அவரை இங்கே அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாகப் போய்க் காசு திரட்டியதையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. இந்நகரின் தென்பகுதியிலும் அப்படி வீடு வீடாகத் திரட்டிய காசின் கதை ஒன்று உண்டு. வெள்ளையரும் கறுப்பின மக்களும் ஓர் ஊரில் இணங்கி வாழ்வதற்காகச் செல்வரும் எளியவரும் கொடுத்த காசு அது. இங்கே குடியேறி இரண்டு தலைமுறை கண்டுவிட்ட தமிழர்களாகிய நாம் அந்த வரலாற்றை இவ்விழா மலரில் பதிவு செய்வது முறையே.

இவ்வரலாற்றின் மூலவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த வீட்டுக்கு அருகில் பிறந்தவர். தந்தை ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். ஆயத்த ஆடை வணிகம் செய்தவர். மகனும் அதே தொழிலில் இறங்கி, 1895இல் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தில் பங்குதாரராகி, 1908இல் அதன் தலைவரானார். விலைப்பட்டியல் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பி, அஞ்சல் வழியே பொருள் விற்கும் அந்த நிறுவனம் அவரை நாட்டின் பெருஞ்செல்வர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் வழிபட்ட சைனாய் சபையின் ரபி எமில் ஹிர்ஷ், செல்வம் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பதை ஓயாமல் போதித்தவர். 1910இல் நண்பர் பால் சாக்ஸ் இரண்டு புத்தகங்களை அனுப்பிவைத்தார். அவற்றுள் ஒன்று, அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாறு. படித்தவர் சும்மா இருக்கவில்லை.

அதே ஆண்டில் சிகாகோ ஒய்.எம்.சி.ஏ.வினர் அவரை அணுகினர். வெள்ளையருக்கான விடுதிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கறுப்பின இளைஞருக்கு அன்று இடமில்லை. ஊருக்குப் புதிதாக வருபவர் தலைசாய்க்கவும் வழியில்லை. அவர்களுக்கென ஒரு கட்டடம் எழுப்ப உதவி கேட்டார்கள். ரோசன்வால்ட் சிகாகோவோடு நிற்காமல், நாட்டின் எந்த நகரமானாலும் உள்ளூரில் 75,000 டாலர் திரட்டிக் காட்டினால் தாம் 25,000 டாலர் தருவதாக அறிவித்தார். நீங்கள் முதலில் போடுங்கள், நான் சேர்த்துப் போடுகிறேன் என்ற இந்த நிபந்தனைதான் அவருடைய கொடைகள் அனைத்துக்கும் அடித்தளம். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற நிலையை இது ஓரளவேனும் மாற்றியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிகாகோவில் சைரஸ் மக்கார்மிக், நார்மன் ஹாரிஸ் போன்ற செல்வர்கள் முன்வந்தனர். ஆயினும் இந்நிதி திரட்டலில் இன்றும் நினைக்கப்படும் பெயர் அவர்களுடையதன்று. ஜேம்ஸ் டில்மன் என்ற கறுப்பின முதியவர், தொலைபேசி நிறுவனம் ஒன்றில் எளிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்திலிருந்து 1,000 டாலரைக் கொண்டுவந்து கொடுத்தார். ரோசன்வால்டின் செல்வத்தில் 25,000 டாலர் எத்தனை சிறியது, டில்மனின் சேமிப்பில் 1,000 டாலர் எத்தனை பெரியது என்று கணக்குப் பார்த்தால் தெரியும். அவரைப் பின்பற்றித் தென்பகுதியின் தேவாலயங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் மக்கள் தத்தம் பங்கை எழுதிக்கொடுத்தனர்.

வாபாஷ் அவென்யூவில் 38ஆம் தெருவை ஒட்டி ஐந்து மாடிச் செங்கல் கட்டடம் எழுந்து, 1913இல் திறக்கப்பட்டது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வகுப்பறைகள், தங்கும் அறைகள் என யாவும் அதில் இருந்தன. தனிக் கட்டடம் கட்டுவது பிரிவினையை நிலைநிறுத்தும் என்று வாதிட்டவர்களும் அன்று உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. எனினும் அந்த மண்டபங்கள் ஒரு நாளும் காலியாகக் கிடக்கவில்லை. 1915ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே தங்கியிருந்த கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றறிஞர், செப்டம்பர் 9 அன்று நண்பர் சிலரைக் கூட்டிக் கறுப்பின வரலாற்றாய்வுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று நம் பிள்ளைகள் பள்ளிகளில் பிப்ரவரி தோறும் கொண்டாடும் கறுப்பின வரலாற்று மாதம் அந்தச் சங்கத்தின் வழிவந்ததே. ரோசன்வால்டின் அறிவிப்பை ஏற்று இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் எழுந்தன. புக்கர் வாஷிங்டனோடு சேர்ந்து அவர் தென்மாநிலச் சிற்றூர்களில் கட்டுவித்த 5,000க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களின் வரலாறு தனி நூலுக்குரியது.

முதல் உலகப் போர்க் காலத்தில் நகரத்தின் முகமே மாறியது. தென்மாநிலப் பருத்திக் காடுகளை விட்டு மக்கள் ரயிலேறி வந்துகொண்டே இருந்தனர். 1910இல் 44,103 ஆக இருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1920இல் 1,09,458 ஆயிற்று. வந்தவர்களுக்கு வேலையும் வீடும் தேடித்தரவும் நகர வாழ்க்கையைப் பழக்கவும் சிகாகோ அர்பன் லீக் 1916இல் உருவாயிற்று. சமூகவியலறிஞர் ராபர்ட் பார்க் அதன் முதல் தலைவர். இரு இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து நடத்திய அமைப்பு அது. தொடக்க ஆண்டுகளில் அதைத் தாங்கிய பெருங்கொடையாளர்களில் ரோசன்வால்டும் ஒருவர்.

1919ஆம் ஆண்டு ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் ஏரியில் 29ஆம் தெருக் கரையருகே மிதந்துகொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், எவரும் கோடு கிழிக்காத எல்லையொன்றைத் தாண்டிவிட்டான் என்று கல்லெறியப்பட்டு நீரில் மூழ்கி இறந்தான். காவலர் கல்லெறிந்தவரைக் கைது செய்ய மறுத்ததும் நகரம் பற்றிக்கொண்டது. கலவரம் ஓய்வதற்குள் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். காயமுற்றோர் 537 பேர். ஏறத்தாழ 1,000 பேர் வீடிழந்தனர். அந்நாள்களில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் வேலைக்குச் செல்ல வெள்ளையர் வட்டாரங்களைக் கடந்தாக வேண்டும். கடந்தால் உயிருக்கு உறுதியில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. வாபாஷ் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திலும் அர்பன் லீக் அலுவலகத்திலும் கூலி வழங்கும் இடங்கள் திறக்கப்பட்டன. டில்மனின் காசில் எழுந்த வாசலில் தொழிலாளர் வரிசையில் நின்று தங்கள் சம்பள உறையைப் பெற்றுச் சென்றனர். வேறெந்தப் பயனும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு வாரத்துக்காகவே அக்கட்டடம் கட்டியது தகும்.

கலவரம் அடங்கியதும் ஆளுநர் ஃபிராங்க் லோடன், காரணங்களை ஆராய்ந்து பரிந்துரை தர ஆறு வெள்ளையரும் ஆறு கறுப்பினத்தவருமாகப் பன்னிருவர் கொண்ட குழுவை அமைத்தார். ரோசன்வால்ட், சிகாகோ டிஃபெண்டர் இதழின் ராபர்ட் ஆபட், பிராவிடன்ட் மருத்துவமனையின் டாக்டர் ஜார்ஜ் ஹால் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். ஆனால் அரசுக் கருவூலத்திலிருந்து குழுவுக்குப் பணம் இல்லை. அலுவலக வாடகையும் ஆய்வாளர் ஊதியமும் நகரத்தாரின் நன்கொடையிலிருந்தே வந்தன. ராபர்ட் பார்க்கின் மாணவரான சார்லஸ் எஸ். ஜான்சன் என்ற இளம் கறுப்பின ஆய்வாளரின் உழைப்பு அதில் பெரிது. வேலை, வீடு, பள்ளி, நீதிமன்றம், செய்தித்தாள் எனத் துறைதோறும் விசாரித்து எழுதிய அறிக்கை 1922இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே நூலாக வெளிவந்தது. 59 பரிந்துரைகள் கொண்ட அந்நூல், அமெரிக்க நகரமொன்றின் இன உறவை இத்தனை விரிவாக ஆராய்ந்த முதற்பெரும் நூல்களுள் ஒன்று. அக்குழுவை முன்னின்று நடத்திய ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட்சன் பின்னர் ரோசன்வால்ட் அறநிதியின் பணிகளையும் கவனித்தார்.

அந்த அறநிதி 1917இல் சிகாகோவில் பதிவு பெற்றது. முதல் பத்தாண்டுகள் அது குடும்பத்தின் பணப்பை போலவே இயங்கியது. 1928இல் ரோசன்வால்ட் அதை முழுமையான அமைப்பாக்கி, எட்வின் எம்ப்ரீயைத் தலைவராக்கினார். எம்ப்ரீயின் பாட்டனார் ஜான் ஃபீ, அடிமை முறையை எதிர்த்து, கென்டக்கியில் இரு இனத்தாரும் சேர்ந்து படிக்க பெரியா கல்லூரியை நிறுவியவர். பேரனைத் தேடிப் பிடித்தது பொருத்தமே. நிதிக்கு ரோசன்வால்ட் விதித்த நிபந்தனை நம்மவருக்கு விநோதமாகத் தோன்றும். நம் அரசர்களும் வணிகர்களும் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடுகள் விட்டாலும் நிலம் விட்டாலும், சந்திர சூரியர் உள்ளவரை செல்ல வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். இவரோ, தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் வட்டியும் முதலும் முழுதாகச் செலவழிந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தலைமுறையின் தேவையை அந்தந்தத் தலைமுறையின் கொடையாளர் கவனித்துக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1929இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் இதை வாதிட்டுக் கட்டுரையும் எழுதினார்.

அதே 1929இல், 47ஆம் தெருவில் மிச்சிகன் சாலையோரமாக, 421 குடியிருப்புகள் கொண்ட தோட்ட மனை திறக்கப்பட்டது. ஒட்டுக்குடித்தன அறைகளில் எலியோடும் புகையோடும் காலம் தள்ளிய குடும்பங்களுக்கு, நடுவே பரந்த தோட்டமும், தெருப்பக்கம் கடைவரிசையும், வெயில் வரும் சமையலறையும் கொண்ட வீடுகள் கிடைத்தன. வரைந்து கொடுத்தவர் ரோசன்வால்டின் உறவினரான எர்னஸ்ட் கிரன்ஸ்ஃபெல்ட். இதை ரோசன்வால்ட் தானமாகச் செய்யவில்லை. நியாயமான வாடகை வாங்கி, சிறு இலாபமும் ஈட்ட முடியும் என்று மற்ற முதலாளிகளுக்குக் காட்ட நினைத்தார். எதிர்பார்த்த இலாபம் வரவில்லை, வீடுகள் மட்டும் நிறைந்தன. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி, இசைக்கலைஞர் குவின்சி ஜோன்ஸ் போன்றோர் இங்கே வாழ்ந்தவர்கள். மேலாளராகப் பணியாற்றிய ராபர்ட் டெய்லர், பின்னர் நகர வீட்டுவசதி ஆணையத்தின் தலைவரான முதல் கறுப்பினத்தவர். அவர் பெயரில் பிற்காலத்தில் எழுந்த அடுக்ககங்களின் கதை இம்மலருக்கு உரியதன்று.

முப்பதுகள் சோதனைக் காலம். அறநிதியின் செல்வமெல்லாம் சியர்ஸ் பங்குகளில் இருந்தது. பங்குச் சந்தை சரிந்தபோது நிதியும் சரிந்தது. 1932ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று ரோசன்வால்ட் மறைந்தார். வாக்களித்த கொடைகள் பாதி வழியில் நின்றன. வேறு அறக்கட்டளைகள் கைகொடுத்துச் சிலவற்றைக் காப்பாற்றின. அந்த நெருக்கடியிலும் பிராவிடன்ட் மருத்துவமனைக்கான உதவி தொடர்ந்தது. 1891இல் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் தொடங்கிய மருத்துவமனை அது. செவிலியர் பயிற்சிக்கு இடம் மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் முறையீடே அதன் தொடக்கம். இரு இன மருத்துவரும் அங்கே சேர்ந்து பணியாற்றினர்.

அறநிதியின் ஆராய்ச்சி, கலை உதவித்தொகைகளே அதன் அழியாப் புகழ். பெற்றவர்களின் பெயர்களைப் பார்த்தாலே போதும்: மரியன் ஆண்டர்சன், லாங்ஸ்டன் ஹியூஸ், டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், ஜேக்கப் லாரன்ஸ், ரால்ஃப் எலிசன், ஜேம்ஸ் பால்ட்வின். சிகாகோ பல்கலைக்கழக மாணவி கேத்தரின் டன்ஹாம் தேர்வுக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். என்ன ஆய்வு செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, மேலாடையைக் களைந்துவிட்டு உள்ளே அணிந்திருந்த நடன உடையோடு எழுந்து ஆடியே காட்டினார் என்பார்கள். முதலில் பாலே, பிறகு, தாம் தேடிப் போக விரும்பிய ஆப்பிரிக்க மரபின் ஆட்டம். குழுவினருக்கு வாயடைத்துப்போயிற்று. 1935இல் உதவித்தொகையோடு அவர் கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேறினார்.

நாற்பதுகளின் தொடக்கத்தில் தென்பகுதியில் ஒரு கலை மையம் வேண்டும் என்று ஓவியர்கள் விரும்பினர். கட்டடம் வாங்கப் பணம் வேண்டும். மார்கரெட் பரோஸ் உள்ளிட்ட இளைஞர்கள் 39ஆம் தெரு முனையில் டப்பாவை ஏந்தி நின்று, ஒரு மைல் நீளத்துக்குப் பத்து சென்ட் நாணயங்களைச் சேர்ப்பது என்று இலக்கு வைத்து வசூலித்தனர். 1941இல் எலினார் ரூஸ்வெல்ட் வந்து மையத்தைத் திறந்து வைத்தார். அதன் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்த கார்டன் பார்க்ஸ், ரோசன்வால்ட் உதவித்தொகை பெற்ற முதல் ஒளிப்படக் கலைஞரானார். தெருமுனைக் காசும் அறநிதிக் காசும் மீண்டும் ஓரிடத்தில் கூடின.

1943 ஜூனில் டெட்ராய்ட் நகரில் இனக்கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். 1919ஐ மறவாத சிகாகோ விழித்துக்கொண்டது. மேயர் எட்வர்ட் கெல்லி உடனே இன உறவுக் குழுவொன்றை அமைத்து எம்ப்ரீயைத் தலைவராக்கினார். அடுத்த ஆண்டு ராபர்ட் வீவர் அதன் செயல் இயக்குநராக வந்தார். இவரே பின்னாளில் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். நாட்டில் ஒரு நகராட்சி இதற்கென அமைத்த முதல் குழுக்களில் இது ஒன்று. இன்றும் இயங்கும் நகர மனித உறவுகள் ஆணையம் இதன் தொடர்ச்சி. 1945இல் அறநிதி உதவி பெற்ற செயின்ட் கிளேர் டிரேக், ஹோரஸ் கேட்டன் ஆகிய இருவரும் தென்பகுதி வாழ்வை ஆராய்ந்து எழுதிய பிளாக் மெட்ரோபோலிஸ் வெளிவந்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, நிறுவியவர் விதித்த கெடுவுக்கு ஒன்பது ஆண்டு முன்னதாகவே, அறநிதி தன் கணக்கை மூடியது. மொத்தம் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கலைந்து போனார்கள். நம்மூரில் எந்த அமைப்பாவது அப்படித் தானாகக் கலைந்ததுண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

ரோசன்வால்ட் எதிர்பார்த்தபடியே அடுத்தவர்கள் வந்தனர். அவருடைய அறநிதியின் அறங்காவலராக இருந்த மூன்றாம் மார்ஷல் ஃபீல்டு, 1940இலேயே தம் பெயரில் அறக்கட்டளை ஒன்றை நிறுவியிருந்தார். 1960 முதல் அதன் இல்லினாய் கிளை தனித்து இயங்கி, இந்நகரத்தின் சமூக நீதிப் பணிகளுக்கு நிதி வழங்கி வருகிறது. 1915இல் ஹாரிஸ் குடும்பத்தார் தொடங்கிய சிகாகோ சமுதாய அறக்கட்டளையும் நூற்றாண்டு கடந்து பணியாற்றுகிறது. பத்து சென்ட் வசூலித்த மார்கரெட் பரோஸ் 1961இல் தம் சொந்த வீட்டிலேயே கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் மேற்குப் பகுதியில் ஒரு பழைய குடியிருப்பில் குடியேறி, வீட்டுரிமைக்காக அணிவகுத்தார். மார்க்கெட் பூங்காவில் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. அந்தப் போராட்டத்தின் உடன்பாட்டிலிருந்து பிறந்த தலைமைக் குழு, எவரும் எந்த வட்டாரத்திலும் வீடு எடுக்கும் உரிமைக்காக 40 ஆண்டுகள் உழைத்தது.

இங்கேதான் நம் கதையும் சேர்கிறது. குடிமை உரிமைப் போராட்டம் நாட்டின் மனசாட்சியைத் தட்டிய அதே காலத்தில், 1965 அக்டோபர் 3 அன்று குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. அதற்கு முன்னரே ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து, ரோசன்வால்ட் வாழ்ந்த அதே தென்பகுதியில் இருந்துகொண்டு சங்கப் பாடல்களை ஆங்கிலமாக்கத் தொடங்கியிருந்தார். மருத்துவரும் பொறியாளருமாக நம்மவர் வந்து சேர, 1969இல் சிகாகோ தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. நமக்கு முன்னே நின்று கல்லடி பட்டவர்கள் திறந்த கதவு அது.

வாபாஷ் ஒய்.எம்.சி.ஏ. 1969இல் மூடப்பட்டுப் பாழடைந்து, இடிக்கப்படும் நிலைக்கும் வந்தது. வட்டாரத்துத் தேவாலயங்கள் ஒன்றுகூடி மீட்டெடுத்தன. 2000இல் எளியோர் குடியிருப்பாக மீண்டும் திறந்தது. அதே ஆண்டில் மூடிய தோட்ட மனையும் புதுப்பிக்கப்பட்டு, 2016இல் ரோசன்வால்ட் கோர்ட்ஸ் என்ற பெயரில் குடிகளை வரவேற்றது.

விழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் பச்சைத் தட ரயிலில் 47ஆம் தெரு நிலையத்தில் இறங்கி மேற்கே சற்று நடந்தால் அந்தத் தோட்ட மனையைக் காணலாம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மைலில் வாபாஷ் கட்டடம். அதன் நடன மண்டபச் சுவரில் வில்லியம் எட்வார்ட் ஸ்காட் 1936இல் தீட்டிய ஓவியம் இருக்கிறது. பூச்சு உதிர்ந்து மங்கியிருந்ததைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். ஹைட்டிக்குப் போய் ஓவியம் தீட்ட ஸ்காட்டுக்கு 1931இல் உதவித்தொகை கொடுத்ததும் ரோசன்வால்ட் அறநிதிதான்.